அழகைப் படம் பிடிப்போம். அமைதியைக் குலைக்க வேண்டாம்

சேதுக்கரையின் எழிலைக் காணக் கண் கோடி வேண்டும். இராமேசுவரம் தீவின் ஒருபுறம் அலையடங்கிய பாக் நீரிணை. மறுபுறம் ஆர்ப்பரிக்கும் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் நம் மீனவர்கள் அழைப்பர். இரண்டும் அரிச்சல்முனையில் கைகோக்கும் காட்சியைக் கண்டு வியவாதார் உண்டோ?

முன்பு தனுஷ்கோடிக்கு மணலில் வேனிலோ கால்நடையாகவோதான் செல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டு அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அன்று முதல் மக்கள் திரள் திரளாக வருகின்றனர். வருவோர் கையிலெல்லாம் கைபேசி; ஆகவே எல்லாருமே புகைப்படக் கலைஞர்கள்! இது நன்றா, தீதா என்பதை நாங்கள் இங்கே சிறிது ஆராய விரும்புகிறோம்.

படம் எடுப்பது தவறு என்று நாங்கள் கூறவில்லை. 1964-க்கு முன் எடுத்த படங்கள் இல்லையேல், தனுஷ்கோடியில் ரயில் நிலையமும் அஞ்சலகமும், இலங்கைக்குக் கப்பல் ஏறும் துறையும் இருந்ததை எங்களைப் போன்ற பிள்ளைகள் எப்படி நம்புவோம்? 2016-இல் கடல் நீர் சூடேறி, மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் வெளுத்தன, பல மடிந்தன. ஆழத்தில் நடந்த அந்த அழிவைக் கரையில் இருக்கும் நமக்குக் காட்டியவையும் படங்களே. எனவே கருவியின் மேல் குற்றமில்லை. அதைப் பிடிக்கும் கையைப் பற்றியே எங்கள் கவலை.

முதலாவது, தனுஷ்கோடியின் இடிந்த சுவர்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலும் பொங்கிய பேரலையும் அவ்வூரை விழுங்கின. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில், நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலில் மறைந்தது. கூரையிழந்து நிற்கும் தேவாலயத்தில் ஒரு காலத்தில் திருமணங்கள் நடந்திருக்கும்; குழந்தைகளுக்குப் பெயர் சூட்டியிருப்பார்கள். இன்று அதே சுவரின் மேல் ஏறி நின்று, விதவிதமாகச் சிரித்துப் படம் எடுக்கிறோம். பவளக் கல்லால் கட்டிய அச்சுவர் உப்புக் காற்றில் நாளும் உதிர்கிறது. நம் கால் பட்டால் இன்னும் விரைவில் உதிரும். கல்லறைத் தோட்டத்தில் யாராவது இப்படி நடந்துகொள்வார்களா?

இரண்டாவது, வாயில்லா உயிர்கள். குளிர்காலத்தில் தனுஷ்கோடியின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டமாக வந்து இரை தேடுகின்றன. தலையைக் கவிழ்த்து, அலகால் நீரைச் சலித்து உண்ணும் விந்தைப் பறவைகள் அவை. 2025 ஜூன் மாதத்தில் தமிழக அரசு அப்பகுதியைப் பூநாரைகளின் சரணாலயமாக அறிவித்தது. ஆனால், அவை சிறகு விரித்துப் பறந்தால்தான் படம் நன்றாக அமையும் என்று கை தட்டி விரட்டுவோர் உண்டு. நெடுந்தொலைவு பறந்து வந்த பறவைக்கு, உண்ணும் வேளையில் எழுப்பி விடுவது எத்தனை துன்பம்! பங்குனி ஆமைகளின் நிலையும் இதுவே. இரவில் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று எண்ணி நகரும். கரையில் முகாமிடுவோர் அங்கே விளக்கையும் கைபேசி ஒளியையும் காட்டினால், அவை வழி தவறி மடியும்.

மூன்றாவது, மனிதர்கள். இதை ஏனையவற்றைவிட அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். பாம்பன் பகுதியில் நம் தாய்மாரும் அக்காமாரும் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி உழைக்கிறார்கள். நனைந்த உடையோடு கரையேறும் அவர்களைக் கேட்காமலே படம் எடுப்பது எந்த நாகரிகம்? நம் வீட்டு வாசலில் முன்பின் அறியாதவர் நின்று நம் அன்னையைப் படம் எடுத்தால் வாளாவிருப்போமா? ஓலைக் குடிசையும் உழைக்கும் பெண்ணும் கடலையும் வானத்தையும் போன்ற இயற்கைக் காட்சி அல்ல. அங்கே வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் சொல்ல ஒரு வாய் இருக்கிறது.

"ஒருவர் எடுக்கும் ஒரு படத்தால் என்ன கெட்டுவிடும்?" என்று சிலர் கேட்கலாம். ஒருவர் என்றால் ஒன்றும் கெடாது. ஆனால் ஒருவர் எடுத்த படத்தைக் கண்டு ஆயிரம் பேர் அதே சுவரைத் தேடி, அதே பறவையைத் தேடி வருகிறார்களே! சிறு துளி பெருவெள்ளம் என்பது நன்மைக்கு மட்டுமா பொருந்தும்?

ஆகவே தோழியரே, அடுத்த முறை சுற்றுலாவோ சாரணியர் முகாமோ செல்லும்போது ஒரு வழக்கத்தைத் தொடங்குவோம். போய் இறங்கியதும் முதல் பத்து நிமிடம் கருவியைப் பையிலேயே வைத்து, கண்ணாரக் காண்போம், காதாரக் கேட்போம். மனிதரைப் படம் எடுக்குமுன் அவரிடம் கேட்போம். மறுத்தால் நன்றி கூறி விலகுவோம். பறவை தலை நிமிர்த்தி நம்மைப் பார்த்தால் இரண்டு அடி பின்வாங்குவோம். எடுத்த படத்தின் கீழே இடத்தையும் நாளையும் தவறாமல் எழுதி வைப்போம். கடல் ஆண்டுக்கு ஆண்டு கரையை மாற்றுகிறது. இன்று நாம் நிற்கும் மணல்திட்டு நாளை இல்லாமல் போகலாம். அப்போது நாளும் இடமும் குறித்த ஒரு படம் நம் தங்கையருக்குச் சான்றாக நிற்கும்.

பெற்றோரும் சகோதரிகளும் எங்களோடு வரும்போது, "சீக்கிரம் நில்லுங்கள், படம் எடுக்க வேண்டும்" என்று அவசரப்படுத்தாமல், "இது என்ன பறவை தெரியுமா?" என்று கேட்டால் நாங்கள் மிகவும் மகிழ்வோம்.