கார் ஸ்டீரியோவில் நேவிகேஷன்: காசு கொடுக்கலாமா?

முதல் சம்பளம் வந்ததும் வீட்டுக் காருக்கு என்ன மாட்டலாம்னு எங்க ஹாஸ்டலில் தினமும் ஒரு பட்டிமன்றம் நடக்குது. பழைய ஸ்டீரியோவைக் கழட்டிட்டு, நேவிகேஷன் வச்ச பெரிய டச் ஸ்கிரீன் மாட்டணும்ங்கிறதுதான் பலரோட ஆசை. கொஞ்சம் பொறுங்க மக்களே. எங்க வீட்டில் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கத்துக்கிட்டோம்.

சில வருஷம் முன்னாடி அப்பா, மெமரி கார்டில் மேப் இருக்கிற ஒரு ஸ்டீரியோவை மாட்டினார். நேவிகேஷனுக்காக மட்டும் ஆறாயிரம் ரூபாய் கூடுதல். முதல் வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் எங்க ஊர்ப் பக்கம் புது பைபாஸ் திறந்தாங்க. நாங்க போறது நாலு வழிச் சாலையில். திரையில் எங்க கார் வயலுக்குள்ள ஓடுது! மேப்பை அப்டேட் பண்ண மறுபடியும் காசு கேட்டாங்க. அதோட அப்பா ஸ்டீரியோவில் பாட்டு மட்டும் கேட்டார்; வழி பார்க்கப் போனை மடியில் வச்சுக்கிட்டார். ஒருநாள் அவர் குனிஞ்சு போனைப் பார்த்த நேரத்தில், முன்னாடி போன டூவீலர் சட்டுன்னு நின்னுடுச்சு. நான் கத்தினதில்தான் பிரேக் போட்டார். ஒரு முழம் இடைவெளியில் தப்பிச்சோம்.

அப்போதான் யோசிச்சேன். நேவிகேஷன்னா உண்மையில் மூணு விஷயம்: நாம இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிறது, மேப், திரை. ஜிபிஎஸ் இடத்தைக் கண்டுபிடிக்க இன்டர்நெட்டே வேண்டாம். குறைஞ்சது 4 செயற்கைக்கோள்களோட சிக்னல் போதும். அந்த ரிசீவர் நம்ம போனிலேயே இருக்கு. மேப்பும் போனில் இலவசம், தானாகவே புதுசாகிக்கிட்டே இருக்கும். "வால்பாறை ரோட்டில் டவர் கிடைக்காதே?"ன்னு கேட்பீங்க. வீட்டு வைஃபையிலேயே அந்தப் பகுதி மேப்பை டவுன்லோட் பண்ணிட்டுக் கிளம்புங்க. டிராஃபிக் நிலவரம் தெரியாது, ஆனா வழி தெரியும்.

போனால் தர முடியாதது மூணாவதுதான்: ரோட்டை விட்டுக் கண்ணை ரொம்ப விலக்காமப் பார்க்கிற மாதிரி ஒரு திரை. காசு அதுக்குக் கொடுங்க. ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே வேலை செய்யற ஸ்டீரியோ போதும். போன் மேப்பே டேஷ்போர்டில் வரும், தமிழிலேயே திருப்பம் சொல்லும். மாட்டும்போது கார் ஒயரை வெட்ட விடாதீங்க. கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்க.

நாள் முழுக்க வண்டி ஓட்டுற டிரைவர் அண்ணன்களுக்குத் தனி நேவிகேஷன் பயன்படலாம். வெயிலில் போன் சூடாகி நின்னுடுற தொல்லை அதில் இல்லை. மாசம் ரெண்டு தடவை வெளியூர் போற நமக்கு அது தேவையா?

பட்ஜெட்டே இல்லைன்னா ஒரு நல்ல மொபைல் ஹோல்டர் வாங்குங்க. வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாம, போனைப் பயன்படுத்தலாம்னு 2020 அக்டோபரில் அமலுக்கு வந்த மோட்டார் வாகன விதியே சொல்லுது. மடியில் வச்சுக் குனிஞ்சு பார்த்தா கவனம் எப்படி ரோட்டில் இருக்கும்?

போன மாசம் அப்பா காரில் ஹோல்டர் மாட்டியாச்சு. ஸ்டீரியோ, என் முதல் சம்பளத்தில்.