நூலகத்தில் கூடும் ஊர்

சிற்றூர் நூலகம் புத்தகம் கொடுத்து வாங்கும் இடம் மட்டுமன்று. ஊரார் கூடிப் பேசுவதற்கான பொது இடமும் அதுதான். அத்தகைய பொது நூலகங்களுக்கு அடித்தளம் இட்டது 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் மாநில அளவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பின் பலன். சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரியே இன்றும் நூலகங்களைத் தாங்குகிறது. சங்கரன்கோவில் போன்ற ஊரில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் நூலகத்தின் பங்குதாரரே.

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா நடக்கிறது. மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி, புத்தகக் கண்காட்சி, புதிய உறுப்பினர் சேர்க்கை என ஒரு வாரம் களைகட்டும். பிறகு? ஆண்டின் மற்ற நாள்களை நிரப்ப வேண்டியது வாசகர் வட்டம். அது உயிரோடு இருக்கும் ஊரில்தான் நூல் அறிமுகமும் கதை சொல்லலும் போட்டித் தேர்வுப் பயிற்சியும் தொடர்ந்து நடக்கும்.

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறித் தொழிலாளிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் வசதியான நேரம் ஞாயிறு மாலை. வாசகர் வட்டக் கூட்டங்களை அப்போது வைப்பதே முறை. ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே இங்கே திரள்கிறது. அந்த நாள்களில் நூலகத் துறை ஒரு புத்தக அரங்கு அமைத்து, அங்கேயே உறுப்பினர்களைச் சேர்க்க வேண்டும். ரங்கநாதன் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12உம் ஆடி மாதத்தில்தான் வருகிறது.