கோடு போட்டதெல்லாம் தேனீ இல்ல பாஸ்!

காலேஜ் தோட்டத்துல செண்டுமல்லிப் பூ மேல மஞ்சளும் கறுப்புமா கோடு போட்ட ஒண்ணு வந்து உட்காருது. உடனே என்ன பண்றீங்க? 'ஐயோ... தேனீ!'ன்னு அலறி பெஞ்சைக் காலி பண்றீங்க. இல்லேன்னா ரெக்கார்டு நோட்டாலயே ஒரே போடு! கொஞ்சம் பொறுங்க. அது வெறும் ஈயாவும் இருக்கலாம்.

ஹோவர் ஃப்ளைன்னு ஒரு ஈ வகை. கொட்டாது, கொடுக்கே கிடையாது. ஆனா, தேனீ யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு கெத்தா சுத்தும். தேனீகிட்ட ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கிட்ட பறவை, அப்புறம் கோடு போட்ட எதையும் தொட யோசிக்கும்ல... அதான் மேட்டர். அமேசான் காட்டுப் பட்டாம்பூச்சிகளை வெச்சு ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862-லயே இந்த மாறுவேஷத்தை விளக்கிட்டார். 'பேட்ஸியன் மிமிக்ரி'ன்னு உருப்போட்டு மார்க் வாங்கின ஜுவாலஜி மக்களே, ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தீங்களா?

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூஞ்சியைப் பாருங்க. ஈக்குத் தலை முழுக்கக் கண்ணுதான், பெரிய சைஸ் கூலிங் கிளாஸ் மாட்டின மாதிரி. உணர்கொம்பு இருக்கிறதே தெரியாது, அவ்வளவு குட்டை. தேனீக்குக் கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல. கொம்பு நீளமா, முழங்கை மாதிரி மடங்கி இருக்கும்.

தேனீக்கு 4 இறக்கை, ஈக்கு 2-ன்னு புத்தகத்துல போட்டிருக்கும். நிஜம்தான். ஆனா, தேனீ பறக்கும்போது முன்னிறக்கையையும் பின்னிறக்கையையும் குட்டிக் குட்டிக் கொக்கியால மாட்டிக்கும். நம்ம கண்ணுக்கு ரெண்டாத்தான் தெரியும். அதை நம்பி பந்தயம் கட்டாதீங்க! பின்னங்கால்ல மகரந்த உருண்டை ஒட்டியிருந்தா, சந்தேகமே வேண்டாம், தேனீதான். உருண்டை இல்லேன்னா ஈன்னு முடிவு கட்டிடாதீங்க. தேன் குடிக்க மட்டும் வந்த தேனீயா இருக்கும். ஹெலிகாப்டர் மாதிரி அந்தரத்துல அசையாம நின்னு, சட்டுனு நகர்ந்தா அநேகமா ஹோவர் ஃப்ளை. (நீலப்பட்டைத் தேனீயும் இதே ஸ்டைல்ல நிக்கும். அதுக்குத்தான் முதல்ல மூஞ்சியைப் பார்க்கச் சொன்னது!)

'ஈயோ, தேனீயோ, நமக்கென்ன?'ங்கறீங்களா? ரோஜா மொட்டுல அப்பிக்கிட்டு சாறு உறிஞ்சுமே அசுவினி, பல ஹோவர் ஃப்ளைகளோட புழுக்களுக்கு அதுதான் சாப்பாடு. நீங்க 'தேனீ தொல்லை'ன்னு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து, தோட்டக்காரர் மருந்தடிச்சா இதுங்களும் சேர்ந்து காலி. அசுவினியோ ஜோடியே சேராம குட்டி போடுற ஆளு, சீக்கிரமே திரும்பி வந்துடும்.

அது தேனீயாவே இருந்தாலும், பூவுல வேலையா இருக்கிறது நீங்க பிடிக்காம, நசுக்காம இருந்தா பொதுவா உங்களைக் கண்டுக்காது. லைப்ரரி சன்ஷேடுக்குக் கீழே பெரிய மலைத்தேன்கூடு தொங்குதா? அங்கே மட்டும் ஆராய்ச்சி வேண்டாம். கல் எறியுற ஃப்ரெண்டையும் இழுத்துக்கிட்டு நடையைக் கட்டுங்க.

மத்தபடி, நாளைக்கு வெயில் ஏறினதும் துளசிச் செடி பக்கம் போங்க. நிழல் மேல விழாம நின்னு, செல்போன் கேமராவை ஜூம் பண்ணி மூஞ்சியை ஒரு க்ளோசப் எடுங்க. கண்ணு எங்கே இருக்கு?