வெற்றறையும் வேடமிட்ட படமும்

1957ஆம் ஆண்டு வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ திரைப்படத்திலே, கித்துல்கலவின் களனி கங்கை தாய்லாந்து நதியாக வேடம் பூண்டது. அதனை வஞ்சனை என எவரும் கூறார். நுழைவுச்சீட்டு வாங்கியோர் புனைவென்று அறிந்தே வாங்கினர். வீடு வாங்குபவரோ புனைவை நாடி வருவதில்லை.

இன்று வீட்டு விற்பனை விளம்பரங்களிலே செயற்கை நுண்ணறிவு வெற்றறைகளைத் தளபாடங்களால் நிரப்புகின்றது. வாங்குபவரின் கற்பனைக்கு உதவுகின்றோம் என்பர் விற்போர். அவ்வாறாயின் வெற்றறையின் படத்தை மறைப்பானேன்? தளபாடம் புகும் வழியே சுவரின் ஈரக்கசிவும் வெடிப்பும் மறைதல் கூடும். ஒடுங்கிய அறை அகன்று தோன்றுதலும் கூடும். பெருமழை பொழியும் கித்துல்கல போன்ற மலைச்சரிவுகளிலே சுவர் வெடிப்பு மண்சரிவின் முன்னறிகுறியாகவும் அமையலாம். அதே கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் 2016 மே மாதம் நிகழ்ந்த பேரழிவை மறத்தல் தகுமா?

லயக் காம்பராவிலே பிறந்து, கடல்கடந்து உழைத்து, சொந்த வீட்டிற்காகப் பணஞ் சேர்ப்பவர் நேரில் வந்து பார்த்தல் அரிது, படத்தையே நம்புகின்றார். அந்நம்பிக்கையை ஏய்த்தல் வணிகத்தின் பெயரால் நிகழும் களவேயாகும்.

கலிபோர்னியாவில் 2026 ஜனவரி முதல், விற்பனைப் படம் மாற்றப்பட்டதாயின் அதனை அறிவித்து மூலப்படத்தையும் காட்டுதல் சட்டக் கடமையாகியுள்ளது. இலங்கையிலும் அத்தகைய சட்டம் இயற்றப்படல் வேண்டும். தளபாடத்தை வாங்குபவரே தேடிக்கொள்வார். விற்பவர் சுவரை உள்ளவாறு காட்டட்டும்.