கலைத்துப் போட்ட கணக்குகள்

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பொறியியல் மாணவர்களுக்கு ஜிஆர்இ தேர்வில் பயமெல்லாம் வெர்பல் பகுதியின் மேல்தான். குவான்ட் என்று அவர்கள் சொல்லும் கணிதப் பகுதியைப் பற்றிக் கேட்டால், "பத்தாம் வகுப்புக் கணக்குதானே" என்று கடந்துவிடுவார்கள். பாடத்திட்டத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வதில் தவறில்லை. எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், புள்ளிவிவரங்களைப் படித்துப் பொருள்கொள்ளுதல், இவ்வளவுதான். முக்கோணவியல் கிடையாது, நுண்கணிதம் கிடையாது. 2011-இல் தேர்வு மாற்றி அமைக்கப்பட்டதிலிருந்து திரையிலேயே ஒரு கால்குலேட்டரும் உண்டு. லாப்லாஸ் மாற்றமும் ஃபூரியர் தொடரும் படித்துத் தேறியவர்கள் இதில் 170-க்கு 170 எடுத்துவிட வேண்டும். ஆனால் அவர்களில் பலர் 160-ஐ ஒட்டி நின்றுவிடுகிறார்கள். காரணம் கேட்டால், கணக்கு தெரியும், கவனக்குறைவால் போய்விட்டது என்கிறார்கள். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. கவனம் என்பது தேர்வு அறைக்குள் திடீரென்று வருவதோ போவதோ அல்ல. அந்த மதிப்பெண்கள் பல வாரங்களுக்கு முன்பே, அத்தியாயம் அத்தியாயமாகக் கணக்குப் போட்ட மேசையிலேயே தொலைந்துவிடுகின்றன.

தேர்வு என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்ட வடிவத்தில் குவான்ட் இரண்டு பிரிவுகளாக வருகிறது. முதல் பிரிவில் 21 நிமிடத்துக்கு 12 கேள்விகள், அடுத்ததில் 26 நிமிடத்துக்கு 15 கேள்விகள். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. எந்தக் கேள்விக்கும் தலைப்பு இல்லை. இது விகிதம், இது நிகழ்தகவு என்று யாரும் சொல்வதில்லை. கேள்விகளில் ஒரு பகுதி அளவு ஒப்பீட்டு வகையைச் சேர்ந்தது. இரண்டு அளவுகள் தரப்படும். முதலாவது பெரியதா, இரண்டாவது பெரியதா, இரண்டும் சமமா, தந்த தகவலை வைத்து முடிவுசெய்யவே முடியாதா என்று சொல்ல வேண்டும். x-இன் வர்க்கம் 16 என்று தந்துவிட்டு, முதல் அளவு x, இரண்டாவது அளவு 4 என்று போட்டிருந்தால், அவசரமாகப் பார்ப்பவர் சமம் என்பார். x என்பது −4 ஆகவும் இருக்கலாம். ஆகவே முடிவுசெய்ய முடியாது என்பதே விடை. இதைத் தவறவிட்டவருக்கு இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு தீர்வுகள் உண்டு என்பது தெரியாமலா இருக்கும்? இருபடிச் சமன்பாடு என்ற தலைப்பின் கீழ் இதே கேள்வி வந்திருந்தால் அவர் ஒருபோதும் தவறவிட மாட்டார். தலைப்பு அவருக்காக நினைவூட்டியிருக்கும். அந்தத் தலைப்பு இல்லாத இடத்தில் தானே நினைவுகூரும் பழக்கம் அவருக்கு இல்லை.

இன்னொன்றைப் பாருங்கள். பத்துப் பேர் உள்ள சங்கத்திலிருந்து மூன்று பேர் கொண்ட குழுவை எத்தனை வகையாகத் தேர்ந்தெடுக்கலாம்? 120. அதே பத்துப் பேரிலிருந்து தலைவர், செயலாளர், பொருளாளர் என மூவரை எத்தனை வகையாகத் தேர்ந்தெடுக்கலாம்? 720. கணக்கிடுவதில் ஒரு சிரமமும் இல்லை. வரிசைக்குப் பொருள் உண்டா இல்லையா என்று முடிவெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் பிளஸ் ஒன் புத்தகத்தில் வரிசை மாற்றங்களுக்கு ஒரு பயிற்சி, சேர்வுகளுக்கு ஒரு பயிற்சி. முதல் பயிற்சியைத் திறந்த மாணவர், கேள்வியைப் படிக்கும் முன்பே எந்தச் சூத்திரம் என்று அறிந்துகொள்கிறார். இருபது கணக்குகளைச் சரியாகப் போடுகிறார்; அந்த இருபதிலும் தேர்வு கேட்கப்போகும் அந்த ஒரு முடிவை அவர் ஒருமுறைகூட எடுக்கவில்லை. ஆசிரியரும் புத்தகமும் எடுத்துவைத்த முடிவின்மேல் பெருக்கலும் வகுத்தலும் செய்திருக்கிறார், அவ்வளவே.

இது வெறும் ஊகம் இல்லை. தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஒரு சோதனை, ஜிஆர்இ-க்குத் தயாராகும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. கல்லூரி மாணவர்களுக்குப் பழக்கமில்லாத நான்கு திண்ம உருவங்களின் கனஅளவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவினர் ஓர் உருவத்துக்கான கணக்குகள் அனைத்தையும் முடித்துவிட்டு அடுத்த உருவத்துக்குப் போனார்கள். மற்றக் குழுவினருக்கு நான்கு உருவங்களின் கணக்குகளும் கலைத்துப் போடப்பட்டன. பயிற்சியின்போது முதல் குழுவினர் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலைத்துச் செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது நிலைமை தலைகீழானது. வகைவகையாகச் செய்தவர்கள் 20 சதவீதம், கலைத்துச் செய்தவர்கள் 63 சதவீதம். இரு தரப்பாரும் போட்டவை அதே கணக்குகள், அதே எண்ணிக்கை. வரிசை மட்டுமே வேறு. இந்த நான்கு எண்களில் என்னை மிகவும் உறுத்துவது அந்த 89. அத்தியாயவாரியாகப் படிக்கும் மாணவருக்கு, தான் நன்றாகத் தயாராகிவிட்டதாக ஒவ்வொரு நாளும் நேர்மையாகவே தோன்றுகிறது. அவர் சோம்பேறியுமில்லை, தன்னை ஏமாற்றிக்கொள்பவருமில்லை. பயிற்சி முறையே அவருக்குப் பொய்ச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அடிப்படையே மறந்துபோனவர் எதைக் கலைப்பது என்று கேட்பது நியாயம். வணிகவியல் படித்துவிட்டு ஐந்து ஆண்டு வேலை பார்த்தவர், வரலாறு படித்துவிட்டுப் பொதுக்கொள்கைப் படிப்புக்குப் போக நினைப்பவர், இவர்களுக்குப் பின்னங்களும் அடுக்குகளும் கூட மங்கியிருக்கலாம். அவர்கள் முதலில் அத்தியாயமாகத்தான் படிக்க வேண்டும். தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே அதற்கான கணித மீள்பார்வைப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஆனால் ஒரு தலைப்பில் ஐந்தாறு கணக்குகள் தடையில்லாமல் வந்துவிட்டால் அங்கே வேலை முடிந்தது. ஏழாவது கணக்கு பழைய தலைப்புகளோடு கலந்து வர வேண்டும். பொறியியல் படித்தவருக்கோ இந்த முதற்கட்டம் ஒரு வாரத்துக்கு மேல் தேவையே இல்லை. அவர்கள்தான் அதிலேயே இரண்டு மாதம் கழிக்கிறார்கள். தெரிந்ததை மீண்டும் செய்வது இதமாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வேகத்துக்கு எண்ணிக்கை வேண்டும், ஆயிரம் கணக்குப் போட்டால்தான் கை ஓடும் என்பது கோச்சிங் சென்டர்களின் வாதம். கணக்கு வழிமுறை பழகியிருக்க வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் குவான்ட் பிரிவில் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால், கூட்டல் கழித்தலில் அதிகம் போவதில்லை. அதற்குக் கால்குலேட்டரே இருக்கிறது. தவறான வழியில் ஒரு நிமிடம் போய்விட்டுத் திரும்பி வருவதில்தான் போகிறது. வழியைச் சீக்கிரம் அடையாளம் காண்பவரே வேகமானவர். அதற்கு ஆயிரம் கணக்கைவிட, தவறிய நூறு கணக்கை மீண்டும் பார்ப்பது பயன் தரும். தவறுகளுக்கென்று ஒரு நோட்டு வைத்திருப்பவர்கள்கூடச் சரியான விடையையும் வழிமுறையையும் மட்டும் எழுதிவைக்கிறார்கள். எழுத வேண்டியது, எந்த நொடியில் எதைக் கேட்காமல் தானாக வைத்துக்கொண்டோம் என்பதை. மாறியை முழு எண் என்று நானே முடிவுசெய்தேன். அது மிகை எண் என்று வைத்துக்கொண்டேன். பூச்சியம் இரட்டை எண் என்பதையும் 1 பகா எண் அல்ல என்பதையும் மறந்தேன். படத்தில் செங்கோணம்போல் இருந்ததால் செங்கோணம் என்று எடுத்துக்கொண்டேன். வடிவியல் படங்கள் அளவுப்படி வரையப்பட்டவை என்று கொள்ளக் கூடாது என ஜிஆர்இ தன் குறிப்பிலேயே சொல்கிறது; வரைபடங்களும் ஆயத்தளப் படங்களும் மட்டுமே அளவுப்படி இருக்கும். சதவீதம் எதன்மேல் என்று பார்க்கவில்லை. விலை 20 சதவீதம் ஏறி 20 சதவீதம் இறங்கினால் பழைய இடத்துக்கு வராது, 4 சதவீதம் கீழே நிற்கும். இப்படி ஐம்பது பதிவுகள் சேர்ந்தபின் புரட்டிப் பார்த்தால், நான்கைந்து வகைகளே திரும்பத் திரும்ப வருவது தெரியும். கவனக்குறைவு என்று ஒரே மூட்டையில் கட்டிப்போட்டது அப்போது பெயரும் முகமும் உள்ள சில பழக்கங்களாகப் பிரிந்துவிடும். பழக்கத்தை மாற்ற முடியும். மூட்டையை என்ன செய்வது?

குறுக்குவழிகளை நம்புகிறவர்களுக்கும் இதே பதில்தான். விடைகளிலிருந்து பின்னோக்கிப் போவது, எழுத்துக்குப் பதில் எளிய எண்ணைப் போட்டுப் பார்ப்பது, இவையெல்லாம் நல்ல கருவிகள். ஒப்பீட்டுக் கேள்விகளில் 0, 1, −1, அரை ஆகியவற்றைப் போட்டுப் பார்க்கும் வழக்கம் எத்தனையோ தவறுகளைத் தடுக்கும். ஆனால் மனப்பாடச் சூத்திரம் வேறு. போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 40 என்றால் சராசரி வேகம் 48. இதற்கென்று ஒரு சூத்திரத்தை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் ஒப்பிக்க வைக்கிறார்கள். ஒரு மணி நேரம் 60-இல் போய், அடுத்த ஒரு மணி நேரம் 40-இல் போனால் சராசரி 50. சம தூரமா, சம நேரமா என்று கேட்கத் தெரியாதவர் கையில் சூத்திரம் இருந்து என்ன பயன்?

மேல்மட்டத்தில் போட்டியும் கடுமை. அண்மை ஆண்டுகளில் குவான்ட்டில் முழு 170 எடுத்தவரின் பர்சன்டைல்கூடத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் இருக்கிறது. வெர்பலில் அதே 170-க்கு 99. கணிதம் சார்ந்த துறைக்கு விண்ணப்பிப்பவருக்கு ஒன்றிரண்டு கேள்விகளின் விலை அதிகம். முதல் பிரிவில் செய்வதைப் பொறுத்தே இரண்டாம் பிரிவின் கடினம் அமைகிறது என்பதால் தொடக்கத்திலேயே சறுக்குவது கூடுதல் நட்டம். ஒரு பிரிவுக்குள் கேள்விகளுக்குச் சம மதிப்பு. தவறான விடைக்குக் கழிவு இல்லை. குறித்துவைத்துவிட்டுத் திரும்பி வரலாம். எதை இப்போது செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்பதும் ஒரு முடிவுதான். எல்லாக் கணக்கும் ஒரே வகையாக இருக்கும் பயிற்சியில் அந்த முடிவுக்கும் இடமில்லை.

இந்தத் தேர்வே தேவையா என்ற கேள்வி இருக்கிறது. 2020-க்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள் ஜிஆர்இ மதிப்பெண்ணைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டன. இரண்டு மணி நேரத்தில் ஒருவரின் ஆராய்ச்சித் திறனை அளக்க முடியாது என்ற விமர்சனத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனாலும் இதைக் கேட்கும் துறைகள் இன்னும் இருக்கின்றன. பெயர் அறியாத கல்லூரியிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவருக்கு, தன் மதிப்பெண் பட்டியலைத் தாண்டிக் காட்ட இப்படி ஒரு எண் உதவுகிறது. கணக்கு எந்த வகை என்று தானே கண்டுபிடிக்கும் பயிற்சி, மேற்படிப்பில் புள்ளியியல் பாடத்தின் முதல் வாரத்திலேயே தேவைப்படும்.

இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. அதிகாரபூர்வக் கேள்விகள் உள்ள ஒரு புத்தகம் போதும். கேள்வி எண்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு எடுத்து 21 நிமிடத்தில் செய்யலாம். ஒவ்வொன்றையும் தொடங்கும் முன் இது எந்த வகை, எது சொல்லப்படவில்லை என்று ஓரத்தில் இரண்டு சொல் எழுதலாம். முதல் இரண்டு வாரம் மதிப்பெண் இறங்கும். ரோரரின் மாணவர்களுக்கும் அந்த 60 வந்தது. அதைப் பார்த்துப் பயந்து மீண்டும் அத்தியாயத்துக்குள் ஓடிவிடக் கூடாது. ஈடிஎஸ் இலவசமாகத் தரும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் ஒன்றைத் தொடக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, மற்றதைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்புவரை திறக்காமல் வைத்திருக்கலாம். அதில் வரும் தவறுகளை நோட்டில் ஏற்றிச் சரிசெய்ய அந்த இரண்டு வாரம் வேண்டும்.