ஏன்? எதுக்கு? எப்படி? - போடிமெட்டு ஸ்பெஷல்!

இந்த வாரம் நம்ம பக்கத்தை ஒரு சாஃப்ட்வேர் அண்ணனுக்கே எழுதிக் கொடுத்தாச்சு. சொந்த ஊர் போடிநாயக்கனூர், வேலை சென்னையில. மூணாங்கிளாஸ் படிக்கிற ஒரு வாலுப் பொண்ணுக்கு அப்பா. ஆபீஸ்ல சர்வரே படுத்தாலும் பதறாத மனுஷன், லீவுக்கு ஊருக்கு வந்து பொண்ணோட போடிமெட்டு ஏறினதுல ஆடிப்போயிட்டார். பதினேழு கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒரு கேள்வி! 'நெட்ல தேடினா பதில் கிடைக்குது தம்பி. ஆனா அதை என் பொண்ணுக்கு எப்படிச் சொல்றது?'ன்னு கேள்விகளை மொத்தமா நமக்குத் தள்ளிவிட்டுட்டார். அதுல டாப் ஃபைவ் இதோ.

1. கீழே கடையில வாங்கின சிப்ஸ் பாக்கெட், மேலே போனதும் பலூன் மாதிரி உப்புதே... ஏன்?

உள்ளே இருக்கிற காத்து அதே அளவுதான் அண்ணே. வெளியே இருக்கிற காத்துதான் குறைஞ்சு போச்சு. போடியில இருந்து போடிமெட்டு போறதுக்குள்ள ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிடுறோம். நம்ம தலைக்கு மேல இருக்கிற காத்தோட கனம் அந்த அளவுக்குக் குறையுது. பாக்கெட்டை வெளியில இருந்து அமுக்கிற அழுத்தம் பத்து சதவீதத்துக்கும் மேல இறங்கிடுது. உள்ளே இருக்கிற காத்து 'அப்பாடா'ன்னு கை காலை நீட்டிப் படுத்துக்குது. பாப்பாவுக்குக் காது அடைச்சதும் இதே கதைதான். எச்சில் முழுங்கச் சொல்லுங்க, உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகிடும். போனஸ் தகவல்: அங்கே தண்ணி 100 டிகிரி வரைக்கும் காத்திருக்காது, 95 டிகிரி வாக்குலயே கொதிச்சுடும். அதனாலதான் திறந்த பாத்திரத்துல பருப்பு வேக அங்கே கூடுதல் நேரம் ஆகும்.

2. ஜூன் மாசம் மேலே குடை இல்லாம நிக்க முடியலை. கீழே போடியில வெயில் அடிக்குது. மழைக்கு பார்டர் தெரியுமா?

தெரியும்! ஆனா அது தமிழ்நாடு - கேரளா பார்டர் இல்லை, மலை போட்ட பார்டர். தென்மேற்குப் பருவக்காத்து அரபிக்கடல்ல இருந்து ஈரத்தைச் சுமந்துக்கிட்டு வந்து மலையில முட்டுது. மேலே ஏற ஏறக் குளிர்ந்து, சுமையைத் தாங்க முடியாம இடுக்கிப் பக்கமே கொட்டிடுது. மலையைத் தாண்டி நம்ம பக்கம் இறங்கறது, சுமையை இறக்கி வெச்ச காத்து. இறங்க இறங்கச் சூடாகி இன்னும் காய்ஞ்சு போகுது. ஜியாக்ரபி டீச்சர் சொன்ன 'மழை மறைவுப் பகுதி' இதுதான். ஓரத்துல கொஞ்சம் சாரல் கிடைக்கும், அவ்வளவுதான். நமக்கான கச்சேரி, அக்டோபர் - நவம்பர்ல வடகிழக்குப் பருவமழை வரும்போதுதான்.

3. மூணாறு பக்கத்துல 'டாப் ஸ்டேஷன்'னு ஒரு ஊர். அங்கே ரயிலே இல்லையே அப்பா?

சூப்பர் பாப்பா! டூர் போற பெரியவங்கள்ல எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பாங்க? அங்கே நிஜமாவே ரயில் ஓடியிருக்கு. மூணாறு தேயிலையைக் கொண்டுபோக 1902-ல ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டாங்க. இழுத்தது மாடுங்க. அப்புறம் 1908-ல அதைச் சின்ன ரயில் பாதையா மாத்தினாங்க. ரயில் டாப் ஸ்டேஷனோட நின்னுடும். அதுக்குக் கீழே செங்குத்துச் சரிவு, அதனால தேயிலைப் பெட்டிங்க ரோப்வேயில தொங்கிக்கிட்டு, குரங்கணி பக்கத்துல இருக்கிற கொட்டகுடிக்கு வந்து சேரும். மேலே டாப் ஸ்டேஷன், நடுவுல சென்ட்ரல் ஸ்டேஷன், அடியில பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து போடி வழியா சமவெளிக்கு. 1924-ல கேரளாவை உலுக்கின பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. பேர் மட்டும் மலை மேலேயே தங்கிடுச்சு.

சென்னையில இருந்து போடிக்கு நேரா ரயில்ல வந்து இறங்கினீங்களே அண்ணே, அதுக்கும் ஒரு கதை இருக்கு. 1928-ல வந்த மதுரை - போடி பாதையை, அகலப்பாதை ஆக்குறோம்னு 2010 கடைசியில மூடினாங்க. மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன்ல. நம்ம ஊர்ல ஒரு செட் பசங்க, சொந்த ஊர் ரயிலைப் பார்க்காமலே ஸ்கூல் முடிச்சுட்டாங்க!

4. ஏலக்காய் விளையறது மேலே. விக்கிறது கீழே போடியில, அதுவும் கம்ப்யூட்டர்ல. நம்ம தொழிலாச்சே, எப்படி நடக்குது?

ஸ்பைசஸ் போர்டு இங்கே மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது 2007-ல. அதுக்கு முன்னாடி எல்லாம் வாய் ஏலம்தான். இப்போ வியாபாரிங்க ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருப்பாங்க. கைக்கு சாம்பிள் காய் வரும். உருட்டிப் பார்த்து, கடிச்சுப் பார்த்து, பட்டனைத் தட்டி விலையை ஏத்துவாங்க. திரையில லாட் நம்பர், எடை, விலை. கடைசியா நிக்கிற விலைக்கு சரக்கு. போடி மாதிரியே இடுக்கியில புத்தடியிலயும் ஏல மையம் இருக்கு. 2019 ஆகஸ்ட்ல புத்தடி ஏலத்துல ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டு எல்லாரையும் வாயைப் பிளக்க வெச்சது. அதே ஏலக்காய் 2022-ல ஆயிரத்துக்குக் கீழே படுத்ததும் நடந்திருக்கு.

சரி, திரையில தெரியாத ஒரு விஷயம் சொல்லட்டுமா? ஏலக்காய் மரத்துல தொங்காது. இஞ்சிக் குடும்பத்துச் செடி அது. பூவும் காயும் வர்ற சரம், செடியோட அடியில தரையை ஒட்டிப் படரும். எல்லாக் காயும் ஒரே நாள்ல பழுக்காது. குனிஞ்சு, உட்கார்ந்து, பதமான காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்கணும். ஒரு மாசம், ஒன்றரை மாசம் கழிச்சு அதே செடிகிட்ட மறுபடி வரணும். அப்படி எடுத்த பச்சைக்காய் ஏறக்குறைய அஞ்சு கிலோ காய்ஞ்சாதான் ஒரு கிலோ ஏலக்காய். அந்தக் காய் எடுக்கிற அக்காமாரும் அம்மாமாரும் நம்ம போடி, தேவாரம், கம்பம் பக்கத்துக்காரங்க. விடியறதுக்கு முன்னாடியே தூக்குச்சட்டியோட ஜீப்ல நெருக்கி உட்கார்ந்து, நீங்க பாப்பாவோட ரசிச்சுக்கிட்டே போன மாதிரி வளைவுகள்ல தினமும் ஏறி இறங்குறாங்க. அவங்களுக்கு நாள் கூலி. திரையில 7,000 தெரிஞ்ச அன்னிக்கும் நாள் கூலிதான். அண்ணே, நீங்க அந்த சாஃப்ட்வேரை எழுதினா, அந்த அம்மாவுக்கு எந்தக் கட்டத்துல இடம் கொடுப்பீங்க? இது நாங்க உங்களுக்குக் கேட்கிற கேள்வி.

5. குரங்கணிக்கு ட்ரெக்கிங் போகலாம்னா, ஊர்ல எல்லாரும் 'கோடையில வேணாம்'னு பயப்படுறாங்க. ஓடித் தப்பிக்க முடியாதா?

இதுக்கு மட்டும் ஜோக் கிடையாது.

2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துல இருந்து ட்ரெக்கிங் வந்தவங்க குரங்கணி மலைச்சரிவுல இறங்கிக்கிட்டிருந்தப்போ காட்டுத்தீ சூழ்ந்துக்கிச்சு. இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்துபோனாங்க. உங்களை மாதிரி ஐ.டி. வேலை பார்த்தவங்களும் அதுல உண்டு.

ஏன் ஓட முடியலை? ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, தீ மேலே இருக்கிற மாதிரி நிமிர்த்திப் பிடிங்க. மெதுவா இறங்கி எரியும். அதையே தலைகீழாப் பிடிங்க. சரசரன்னு ஏறி விரலைச் சுட்டுடும். (பாப்பா கையில கொடுக்காதீங்க, நீங்களே செய்ங்க!) மலைச்சரிவும் தலைகீழாப் பிடிச்ச தீக்குச்சிதான். சூடான காத்து மேல்நோக்கிப் போய், மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வெச்சுடுது. தீ வர்றதுக்குள்ளயே அது எரியத் தயாரா இருக்கும். சரிவு 10 டிகிரி கூடினா தீயோட வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்ங்கிறது தீயணைக்கிறவங்க கணக்கு. நமக்கோ சரிவு கூடக் கூட மூச்சு வாங்கி வேகம் குறையும். அந்த ரேஸ்ல ஜெயிக்கிறது யாருன்னு சொல்லத் தேவையில்லை. மார்ச்ல அந்தச் சரிவுல ஆள் உயரப் புல் சருகாக் காய்ஞ்சு நிக்கும்ங்கிறதையும் சேர்த்துக்கங்க.

அதனால, தீயைப் பார்த்தா மேலே ஓடாதீங்க. பக்கவாட்டுல விலகி, புல் இல்லாத பாறையோ, ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச தரையோ தேடிப் போகணும். அதைவிட முக்கியம், அந்த நிலைமையே வராம பார்த்துக்கிறது. அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் 2018-லயே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறை கொண்டுவந்துச்சு. வனத்துறை அனுமதி, வழிகாட்டி இல்லாம யாரு கூப்பிட்டாலும் போகாதீங்க. 'பாதை திறந்திருக்கா? புல் காய்ஞ்சிருக்கா? ஏதாவது ஆச்சுன்னா எந்தப் பக்கம் ஒதுங்கறது?' இந்த மூணையும் கிளம்புறதுக்கு முன்னாடியே கேளுங்க. குரூப்ல யாராவது 'இவன் ஒருத்தன், நொய்யு நொய்யுன்னு கேட்டுக்கிட்டு'ன்னு சலிச்சுக்குவாங்க. சலிச்சுக்கட்டும் மாப்ள. நீ கேளு.

அஞ்சு கேள்விக்கும் அடியில இருக்கிற பதில் ஒண்ணே ஒண்ணுதான்: சரிவு. காத்து, மழை, தேயிலை, ஜீப், தீ எல்லாத்தையும் ஆட்டி வைக்கிறது அதுதான். ஃபிசிக்ஸ் புக்ல ரெண்டு மார்க்குக்குப் படிச்சுட்டு மறந்துபோற விஷயத்தை, ஒரு மூணாங்கிளாஸ் பொண்ணு சிப்ஸ் பாக்கெட்டை வெச்சுக் கண்டுபிடிச்சிருக்கா. வெல்டன் பாப்பா!

அடுத்த வாரம் உங்க ஊர்க் கேள்வியோட வாங்க ஃப்ரெண்ட்ஸ். சின்னக் கேள்வியா இருக்கேன்னு வெட்கப்படாதீங்க!