யாரைப் பகிஷ்கரிப்பது?

யாழ்ப்பாண நகரத்துப் பெரிய பல்பொருள் அங்காடிகளில் தமிழர் காலடி வைக்கலாகாது, அங்கே செலவிடும் ஒவ்வொரு ரூபாவும் மறுநாட் காலையிற் கொழும்பு போய்ச் சேர்கிறது என்று ஒரு சாரார் பேசுகின்றனர். எங்கே விலை குறைவோ அங்கே வாங்குவதே குடும்பம் நடத்துபவன் கடமை, கடைக்காரன் வாழ நம் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டுமா என்று மற்றொரு சாரார் கேட்கின்றனர். இரு திறத்தாரும் பெரும்பாலும் நகரத்தில் இருந்துகொண்டே வாதிடுகின்றனர். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் அடுப்பு மூட்டுகின்ற ஒரு குடும்பத்தின் முன் இந்த வழக்கை வைத்துப் பார்த்தால் இரண்டு வாதங்களும் கரை தட்டி நின்றுவிடுகின்றன.

ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் பண்ணைப் பாலம் உண்டு. புங்குடுதீவுக்கு வாணர் பாலம் உண்டு. குறிகாட்டுவானில் வீதி முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஒரு மூட்டைச் சீனியின் பிரயாணத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்து மொத்தக் கடையில் லொறியில் ஏற்றக் கூலி. குறிகாட்டுவானில் இறக்கக் கூலி. தோளிற் சுமந்து படகில் ஏற்றக் கூலி. படகுக்காரருக்குச் சுமைக் கட்டணம். மாவலித் துறையில் இறக்க மீண்டும் கூலி. அங்கிருந்து கடைவரை லான்ட்மாஸ்ரருக்கு வாடகை. சோளகம் அடிக்கும் மாதங்களிற் படகு ஓடாத நாட்களும், ஓடிய நாட்களில் நனைந்த மாவும் தனிக் கணக்கு. இத்தனையும் சேர்ந்த பின்னர்தான் அந்தச் சீனி நெடுந்தீவுப் பெட்டிக்கடையின் தராசில் ஏறுகிறது.

இங்கே சட்டம் வருகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் ஆட்சியில், பொதியில் அச்சிடப்பட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றம். விலைகளைக் காட்சிக்கு வைக்க வேண்டும். கேட்டாற் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். இருக்கும் பொருளை இல்லையென்று மறைக்கலாகாது. நல்ல சட்டமே. அதை நீக்க வேண்டுமென்று நான் வாதிட வரவில்லை. அது இல்லாவிடின் ஏழை நுகர்வோன் கதி என்னாகும் என்பதை 2022ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆக ஏறிற்று. அதற்கு முந்திய மாதம், கடற்றொழிலாளியின் உயிர்நாடியான மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. அத்தகைய காலத்தில் உச்ச விலை என்ற வேலியும் இல்லாதிருந்தால்?

ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் கடல் படவில்லை. கொழும்புக் கோட்டையில் அச்சிட்ட விலையும் நெடுந்தீவில் அச்சிட்ட விலையும் ஒன்றே. பல்பொருள் அங்காடியோ உற்பத்தியாளரிடம் நேரே, ஆயிரக்கணக்கான பொதிகளாகக் கொள்முதல் செய்கிறது. ஆகவே அச்சிட்ட விலையிற் கழிவு கொடுத்தும் இலாபம் காண்கிறது. தீவுக் கடைக்காரனோ மூன்றாங் கையிலிருந்து, பெரும்பாலும் கடனுக்கு, பத்துப் பொதிகள் வாங்குகிறான். மேலே சட்டம் தடுக்கிறது. கீழே சுமைகூலி நெருக்குகிறது. இடையில் அவனுக்கு இரண்டே வழிகள். ஐந்து பத்து ரூபா கூட்டி விற்றுக் குற்றவாளியாகலாம். அல்லது அந்தப் பொருளையே வாங்கி வையாது விடலாம். பால்மா இல்லை, பற்பசை இல்லை என்று தீவுக் கடைகளிற் கேட்கும் "இல்லை"களுட் பல இவ்வாறு பிறந்தவையே. அதைக் கடைக்காரனின் சோம்பல் என்று நினைப்பவர் ஒருமுறை அவனது கொள்முதற் சிட்டையைக் கேட்டுப் பார்க்கட்டும்.

வாங்குபவர் பக்கத்துக் கணக்கையும் சொல்லவேண்டும். ஒரு நாட் கூலியை இழந்து, படகும் பஸ்ஸும் ஏறி, நகரத்தில் மதியச் சோறும் உண்டு, ஆறு சாமான்களில் மிச்சப்படுத்தும் தொகை என்ன? வைத்தியசாலைக்கோ கச்சேரிக்கோ போனவர் திரும்பும் வழியில் மலிவாய்ப் பார்த்து வாங்கி வருவது விவேகம். விலைக் கழிவை நம்பியே படகேறுவது நட்டக் கணக்கு. இதைக் குடும்பப் பெண்கள் நன்கறிவர். நமது பேச்சாளர்களுக்குத்தான் புரிவதில்லை. ஆயினும் ஒரு வழக்கம் நம்மிடையே வளர்ந்திருப்பதை நேரே சொல்லாமலிருக்க முடியாது. கையிற் காசு இருக்கும் மாதத் தொடக்கத்தில் நகரத்து அங்காடிக்குப் போகிறோம். காசு தீர்ந்த இருபதாந் தேதிக்குப் பின் ஊர்க் கடைக்காரனின் கொப்பியில் எழுதிக் கொள்கிறோம். காசுக்கு ஒரு கடை, கடனுக்கு ஒரு கடை! வட்டியில்லாக் கடன் கொடுக்கும் அந்தக் கடை மூடப்பட்டால், எந்தப் பல்பொருள் அங்காடியின் காசாளர் நம் பெயரைக் கொப்பியில் எழுதப் போகிறார்?

மலிவு விலைக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. அது நமது கடலிலேயே நடந்தது. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடியிற் சுதேசிக் கப்பற் கம்பனியை நிறுவி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். பிரிட்டிஷ் இந்தியா கப்பற் கம்பனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பனியும் குறைத்தது. பின்னும் குறைத்து, ஈற்றில் இலவசப் பிரயாணமும் கொடுத்து, ஏறுவோருக்குக் குடையும் கொடுத்தது வெள்ளையர் கம்பனி. 1908 மார்ச்சில் சிதம்பரம்பிள்ளை சிறைப்பட்டார். 1911இற் கம்பனி கலைக்கப்பட்டது. அன்று குடை வாங்கிய ஏழைப் பிரயாணியைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. மழை எல்லார் தலையிலும் பெய்கிறதல்லவா? ஆயினும் போட்டிக் கம்பனி செத்த பின்னர் யாராவது இலவசக் குடை கொடுத்தார்களா?

இந்த உவமையை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. இன்றைய அங்காடி அன்றைய வெள்ளையர் கப்பலன்று. அங்கே நம்மூர்ப் பிள்ளைகள் சம்பளம் பெறுகின்றனர். கார்கில்ஸ் நிறுவனம் 1999 முதல் மலைநாட்டு விவசாயிகளிடம் மரக்கறியை நேரே கொள்முதல் செய்யத் தொடங்கியது. தரகனின் தலையீடு குறைந்ததில் விவசாயிக்கு நன்மையும் இருந்தது. நமது மரபுச் சந்தைகள் எவ்வளவு தூய்மையானவை? திருநெல்வேலியிலும் சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் விவசாயி கொண்டுவரும் விளைபொருளில் நூற்றுக்குப் பத்தைக் கழிவென்று வெட்டும் வழக்கத்தைப் பற்றி நமது கமக்காரர் எத்தனை காலமாக முறையிட்டு வந்திருக்கின்றனர்! அந்தக் கழிவை வெட்டியவர் கொழும்பிலிருந்து வந்தவரா? பெரிய அங்காடி என்ற ஒரே காரணத்தால் அதைப் பகிஷ்கரிப்பதானால், பத்து வீதக் கழிவை முதலிற் பகிஷ்கரிக்க வேண்டியிருக்கும்.

பகிஷ்காரம் ஒரு நல்ல ஆயுதம். அயர்லாந்தின் மாயோ மாவட்டத்தில் 1880இற் குத்தகைக் குடியானவர் ஒரு பண்ணை முகவரோடு கொடுக்கல் வாங்கலை முற்றாய் நிறுத்தினர். அவர் பெயரே ஆங்கிலத்தில் இச்செயலுக்குப் பெயராயிற்று. அண்மைக் காலத்திலும் அது மழுங்கிவிடவில்லை. 2025 ஜனவரி 24ஆம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, குறோசியா நாட்டு நுகர்வோர் ஒருநாட் கடையடைப்பைத் தாமே நடத்தினர். கடைகள் திறந்திருந்தன, வாங்குவோர் வரவில்லை. முந்திய வெள்ளியோடு ஒப்பிடப் பற்றுச்சீட்டுகளின் தொகை நூற்றுக்கு 44 அளவிற் குறைந்ததென அந்நாட்டு வரித் திணைக்களமே கணக்குக் கொடுத்தது. ஒரு வாரத்துள் அரசாங்கம் விலை கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியலை 30இலிருந்து 70ஆக உயர்த்திற்று. நமது தீவகத்தார் பெருந்தொகையாய்க் குடியேறியிருக்கும் கனடாவில், 2024 மே மாதம் லொப்லோஸ் அங்காடிகளை நுகர்வோர் பகிஷ்கரித்தனர். மளிகை வாணிப ஒழுக்கக் கோவையில் அந்நிறுவனம் கைச்சாத்திட வேண்டுமென்பது அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. அதே மாதத்தில் நிறுவனம் அதற்கு இணங்கிற்று. பாண் விலையைக் கூட்டுச் சேர்ந்து ஏற்றிய பழைய வழக்கில் 50 கோடி கனேடிய டொலர் கொடுத்துத் தீர்க்க 2024 யூலையில் அது உடன்பட்டதைப் பகிஷ்காரத்தின் கணக்கிற் சேர்க்க மாட்டேன். அது பல்லாண்டு நடந்த வழக்கின் பயன்.

இவற்றிலெல்லாம் கோரிக்கை எழுத்தில் இருந்தது. எப்போது நிறுத்துவது என்பதும் தெரிந்திருந்தது. நமது சொந்த அநுபவம் வேறு. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பை ஏற்றுச் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தோம். ஊர்காவற்றுறை உட்பட நான்கு ஆசனங்கள் வெறுமையாயின. பூரண சுயராச்சியம் என்ற இலட்சியம் உயர்ந்ததே. ஆனால் எது கிடைத்தாற் பகிஷ்காரத்தை முடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. 1934இல் இடைத்தேர்தல் நடந்து ஊர்காவற்றுறைக்குப் பிரதிநிதி கிடைக்கும்வரை தீவகம் வாயற்று இருந்தது.

இன்னொன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். விற்பவன் செயலைப் பாராது பிறப்பைப் பார்த்துக் கடையை ஒதுக்கும் பகிஷ்காரம், பகிஷ்காரம் என்ற பெயருக்கே உரியதன்று. 1983 யூலையில் தென்னிலங்கையில் எரிந்த தமிழர் கடைகளுள் புங்குடுதீவாரும் வேலணையாரும் ஒரு தலைமுறை உழைத்துக் கட்டியவை எத்தனை! 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்திற் பூட்டிக் கிடந்த கடைகளும் அந்த வரிசையில் எண்ணப்பட வேண்டியவையே. 2013இலும், 2019 உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும், முஸ்லிம் கடைகளில் வாங்காதீர் என்று தெற்கிற் பேரினவாதிகள் கூவியதை நாம் கண்டித்தோம். அதே கூவலைத் தமிழிற் கூவ நமக்கு உரிமையில்லை.

அப்படியாயின் தீவகத்தார் செய்யத்தக்கது யாது? முதலிற் சங்கக்கடையை நினைவு கூர்வோம். இந்நாட்டிற் கூட்டுறவுச் சட்டம் 1911இல் வந்தது. யுத்தகாலப் பங்கீட்டிற்கென நுகர்வோர் சங்கங்கள் 1940களிற் பெருகின. 1957இல் பிலிப் குணவர்த்தனா பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைத் தோற்றுவித்தார். யாழ்ப்பாணத்தார் இதில் எவருக்கும் பின்நிற்கவில்லை. மூளாயிற் கூட்டுறவு வைத்தியசாலையையே கட்டினர். கூட்டுறவாளர் வீரசிங்கத்தின் பெயரால் நகரத்தில் மண்டபம் நிற்கிறது. போர்க்காலத்தில் நிவாரண அரிசியைப் பங்கிட்டதும் சங்கக்கடையே. பின் எவ்வாறு மெலிந்தது? 1977இன் திறந்த பொருளாதாரம் ஓர் அடி. 1990இல் தீவகமே இடம்பெயர்ந்தது பேரடி. அரசியல்வாதிகள் தம் ஆட்களை நெறியாளராய் நியமித்தது, சொல்ல வெட்கப்பட வேண்டிய அடி. கூட்டுறவு 13ஆந் திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய விடயம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் ஆண்டுக்கணக்காய்த் தேர்தலே நடத்தப்படவில்லை என்பதையும், அரிசி விலைக்கும் அதிகாரப் பகிர்வுக்கும் தொடர்பில்லை என்று நினைப்போர் கவனிக்கட்டும்.

தீவகத்துச் சங்கங்களும் தனிக் கடைக்காரரும் சேர்ந்து மாதமொருமுறை ஒரே கொள்முதல் செய்யலாம். சீனி, பருப்பு, மா, செத்தல் மிளகாய், சவர்க்காரம் என்ற ஐந்து பொருளோடு தொடங்கினாற் போதும். ஒரு லொறி நிறையக் கேட்பவனுக்குக் கிடைக்கும் விலை, பத்துப் பொதி கேட்பவனுக்குக் கிடைப்பதில்லை.

சுமைகூலியை அரசாங்கம் ஏற்க வேண்டும். இது பிச்சை கேட்பதாகாது. ஸ்கொத்லாந்தின் மேற்குத் தீவுகளுக்கு 2008 முதல், அதே தூரத்தை வீதியிற் போனால் ஆகும் செலவை அளவாகக் கொண்டு படகுக் கட்டணம் வகுக்கப்பட்டது. கடலும் ஒரு வீதி என்ற கொள்கை அது. நமக்கும் அது புதிதன்று. நெடுந்தீவுக்கு ஓடிய குமுதினிப் படகு வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியது. ஆட்களுக்கு வீதியாகும் கடல் அரிசி மூட்டைக்கு ஏன் வீதியாகலாகாது? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் மின்திட்டத்தை 2021 ஜனவரியில் ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுத்து, இந்தியா முகஞ்சுளித்ததும் 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைக்கு மாற்றிய அரசாங்கத்துக்கு இத்தீவுகள் எங்கே இருக்கின்றன என்பது தெரியாததன்று.

பகிஷ்காரம் வேண்டுமென்று துடிப்போருக்கும் வேலை உண்டு. எந்த அங்காடி, என்ன கோரிக்கை என்று முதலில் எழுதட்டும். தீவக மீனையும் மரக்கறியையும் கழிவின்றி நிறுத்துக் கொள்முதல் செய்ய வேண்டும் என்பது நியாயமான கோரிக்கையாகும். ஒரு மாதத் தவணை கொடுத்து, பதில் வராவிடின் ஒரே ஒரு நாள் குறிக்கட்டும். அந்த நாளில் நானும் வெளியே நிற்பேன்.

அதற்கு முன் 2025 மே மாதத்தில் தெரிவான வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பிரதேச சபைகளின் உறுப்பினர்கள், சுமைகூலி பற்றி மூன்று சபைகளிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றி அமைச்சுக்கு அனுப்பட்டும். வரும் பதிலை மக்கள் வாசிக்கத் தரட்டும். குறிகாட்டுவான் இறங்குதுறையில் ஒரு விலைப் பலகை நாட்ட அமைச்சு வேண்டியதில்லை. பலகையும் வெண்கட்டியும் போதும். நகரத்தில் இன்ன விலை, தீவில் இன்ன விலை, இடையில் கூலி இவ்வளவு என்று வாரந்தோறும் எழுதுவதற்கு ஒரு பாடசாலை மாணவன் போதும். நயினை நாகபூஷணி அம்மன் மகோற்சவத்துக்கு ஆயிரக்கணக்கானோர் அத்துறையில் வந்து படகுக்குக் காத்து நிற்பர். அதற்கு முன் அந்தப் பலகை அங்கே நிற்கட்டும்.